ஒகேனக்கல் பரிசலில் வேண்டாம், நாகமரையில் ஏறுங்கள்: சைக்கிளும் மூட்டையுமாகக் காவிரியைக் கடப்பது பற்றி

ஓசூரிலிருந்து நான்கு பேர் கிளம்புகிறீர்கள். ஆளுக்கொரு சைக்கிள், கூடாரம், சமையல் சாமான், துணிமணி. ஒகேனக்கல்லில் பரிசல் பிடித்து ஆற்றோடு மேட்டூர்ப் பக்கம் போய் இறங்கி, அங்கிருந்து மாதேஸ்வரன் மலைக்கு ஓட்ட முடியுமா என்பது உங்கள் கேள்வி. பரிசலில் சைக்கிள் ஏற்றுவார்களா, சாமான் நனையாமல் எப்படிக் கட்டுவது என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

ஒகேனக்கல்லிலிருந்து அப்படிப் போக முடியாது. ஆனால் சைக்கிளோடு காவிரியைப் படகில் கடக்க அதே தர்மபுரி மாவட்டத்திலேயே வேறு இடம் இருக்கிறது. பென்னாகரத்துக்குத் தெற்கே ஏரியூர் தாண்டி நாகமரை என்று ஓர் ஊர். மேட்டூர் அணையின் தேங்கிய நீர் அங்கே அகன்று கிடக்கும். எதிர்க்கரை சேலம் மாவட்டத்துப் பண்ணவாடி. அங்கே இறங்கினால் கொளத்தூர் பக்கம். இரண்டு கரைக்கும் இடையே விசைப்படகு ஓடுகிறது. கரையோர ஊர்க்காரர்கள் டூவீலரையே ஏற்றிப் போகிறவர்கள், உங்கள் சைக்கிளைப் பார்த்து யாரும் மலைக்கப் போவதில்லை. இதே போல ஒட்டனூருக்கும் கோட்டையூருக்கும் இடையிலும் கடவு உண்டு. உங்கள் வழிக்கு நாகமரைதான் தோது.

ஒகேனக்கல் ஏன் வேண்டாம் என்று முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அங்கே போய் நின்றால் "ஏத்திக்கலாம் வாங்க" என்று யாராவது சொன்னாலும் சொல்லுவார்கள். பரிசல் வட்டமானது. மூங்கில் பிளாச்சைப் பின்னி, அந்தக் காலத்தில் எருமைத்தோல் போர்த்தினார்கள். இப்போது பிளாஸ்டிக் சாக்குப் படுதா போர்த்தித் தார் பூசுகிறார்கள். சில இடங்களில் ஃபைபர் பரிசலும் வந்துவிட்டது. அடிப்பாகம் தட்டை, அடியில் கட்டை எதுவும் கிடையாது, அதனால்தான் ஒரே துடுப்பில் தட்டாமாலை சுற்ற முடிகிறது. ஆட்கள் அடியில் சம்மணம் போட்டு உட்கார்ந்தால் அதைவிடப் பத்திரமான கலம் பாறையிடுக்கில் வேறில்லை. சைக்கிள் அப்படி உட்காராது. நீளம் ஐந்தரை, ஆறு அடி வரும், பரிசலின் குறுக்களவு அதைவிடக் கொஞ்சம்தான் கூடுதல். படுக்க வைத்தால் இரண்டு பக்கமும் சரிவில் ஏறி நிற்கும், எடை மேலே போய்விடும். பெடல் முனையோ, ஸ்டாண்டின் நுனியோ, செயின் வீலின் பல்லோ அந்தப் படுதாவில் அழுந்தினால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அதோடு, ஒகேனக்கல் பரிசல் சவாரி என்பது அருவியைச் சுற்றிக் காட்டுகிற சவாரி. கீழே மேட்டூர் வரை கொண்டுபோய் விடுகிற போக்குவரத்து அங்கே இல்லை. கர்நாடகத்தில் கபினியிலும் கிருஷ்ணராஜசாகரிலும் தண்ணீர் திறந்து, கிருஷ்ணகிரி மாவட்ட எல்லையில் இருக்கிற பிலிகுண்டுலுவில் அளவு கூடினால் மாவட்ட நிர்வாகம் பரிசலை நிறுத்திவிடும். எதிர்க்கரைக்குத் தாண்டிக் கோபிநத்தம் வழியாகப் போகலாமே என்று வரைபடத்தைப் பார்த்தால் தோன்றும். அது கர்நாடக வனத்துறைக் காடு, யானை நடமாடுகிற இடம். சுமை ஏற்றிய சைக்கிளோடு அதில் நுழைய நினைக்காதீர்கள். ஆற்றில் முதலையும் உண்டு, ஒகேனக்கல்லில் முதலைகளுக்கென்றே மறுவாழ்வு மையம் வைத்திருக்கிறார்கள். ஆகவே குளிக்கிறேன் என்று கண்ட இடத்தில் இறங்குவதும் வேண்டாம்.

சரி, நாகமரைக்கு வருவோம்.

ஓசூரிலிருந்து நெடுஞ்சாலை 44-இல் கிருஷ்ணகிரி வழியாக வர வேண்டாம், லாரிகளுக்கு நடுவே ஓட்டி என்ன சுகம் காணப்போகிறீர்கள். ராயக்கோட்டை, பாலக்கோடு, பாப்பாரப்பட்டி, பென்னாகரம் என்று வாருங்கள். பாப்பாரப்பட்டியில் சுப்பிரமணிய சிவாவின் நினைவிடம் இருக்கிறது, 1925-இல் அவர் காலமானது அந்த ஊரில்தான். ஒரு டீயும் பத்து நிமிடமும் அங்கே கொடுக்கலாம். சுமையோடு பென்னாகரம் வரைக்கும் ஒரு முழு நாள் ஓட்டம். அன்று இரவு பென்னாகரத்தில் தங்கி, விடிந்ததும் ஏரியூர் வழியாக நாகமரைக்கு இறங்குங்கள். அஞ்செட்டி, நாட்றாம்பாளையம் வழியாகக் காட்டுக்குள் வருகிற சாலை அழகுதான். ஆனால் அந்தப் பகுதி 2022-இல் காவிரி தெற்கு வன உயிரினச் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட காடு. பட்டப்பகலில் தாண்டிவிட முடியும் என்றால் மட்டும் அந்த வழி.

இப்போது முக்கியமான விஷயம். படகில் சைக்கிள் ஏற்றுவதைப் பற்றிக் கேட்கிற எல்லோரும் தண்ணீரைப் பற்றியே கவலைப்படுகிறார்கள். தண்ணீர்மேல் நீங்கள் இருக்கப்போவது கொஞ்ச நேரம்தான், அதுவும் சும்மா உட்கார்ந்திருப்பீர்கள். பாடெல்லாம் கரையில்தான். தார்ச்சாலை முடிகிற இடத்துக்கும் படகு நிற்கிற இடத்துக்கும் நடுவே என்ன இருக்கிறது என்பதுதான் கேள்வி, அந்த நடு ஒவ்வொரு மாதமும் மாறிக்கொண்டே இருக்கும்.

மேட்டூர் அணையின் முழுக் கொள்ளளவு நீர்மட்டம் 120 அடி. நிறைந்தால் தண்ணீர் 59.25 சதுர மைல் பரந்து நிற்கும். நிறைந்திருக்கும்போது தண்ணீர் ஊரை ஒட்டி வந்துவிடும், சாலையிலிருந்து இறங்கியதும் படகு. மட்டம் இறங்க இறங்கக் கரை பின்வாங்கும். அணைப்படுகை வெளியே வரும். மேலே வெடித்துக் காய்ந்த வண்டல், தண்ணீரை நெருங்க நெருங்கச் சேறு. அந்தச் சரிவில் சுமை ஏற்றிய சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போவது ஒரு தனி வேலை. எவ்வளவு வேகமாக மாறும் என்பதற்கு 2024 ஒன்று போதும்: ஜூலை தொடக்கத்தில் 40 அடியை ஒட்டிக் கிடந்த நீர்மட்டம் அந்த மாதக் கடைசியில் 120 அடியைத் தொட்டுவிட்டது. மாதத் தொடக்கத்தில் கடந்தவன் நடந்து இறங்கிய படுகை, மாதக் கடைசியில் கடந்தவனுக்குப் பல ஆள் ஆழத் தண்ணீருக்கு அடியில். அதனால் "போன வருஷம் என் நண்பன் போனான், படகு ரோட்டோரமே நின்றது" என்கிற தகவலுக்கு மதிப்பே இல்லை.

அன்றன்றைய நிலையைத் தெரிந்துகொள்வது சுலபம். மேட்டூர் நீர்மட்டமும் நீர்வரத்தும் தமிழ் நாளிதழ்களில் தினமும் வரும். கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே இரண்டு எண்ணையும் குறித்து வாருங்கள். மட்டம் 100 அடிக்கு மேலே நிலையாக நின்று, வரத்து குறைவாக இருந்தால் உங்கள் நல்ல காலம். மட்டம் குறைவு, வரத்தும் குறைவு என்றால் படகு ஓடலாம், நீங்கள் சேற்றில் உழைக்க வேண்டும். வரத்து கனஅடியில் பல்லாயிரமாக ஏறிக்கொண்டிருக்கிறது என்றால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள், கடவையே நிறுத்திவிடவும் கூடும். வழக்கமாக ஜூன் 12-இல் டெல்டாவுக்குத் திறந்து ஜனவரி 28-இல் மூடுவார்கள் என்றாலும், அது மழையையும் கர்நாடகம் விடுகிற தண்ணீரையும் பொறுத்தது. பொதுவாக வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த டிசம்பர், ஜனவரி உங்களைப் போன்றவர்களுக்கு நல்லது. வெயில் தாங்கும், காற்றும் அடங்கியிருக்கும்.

காற்றைச் சொல்லாமல் விட முடியாது. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பது அகன்ற நீர்ப்பரப்பில் நிற்கும்போதுதான் உறைக்கும். தென்மேற்குப் பருவக்காற்று மாதங்களில் காலையில் கண்ணாடியாகக் கிடக்கிற தண்ணீர், வெயில் ஏறியதும் அலையடிக்கத் தொடங்கிவிடும். பிற்பகலில் படகின் விளிம்பைத் தாண்டித் தண்ணீர் தெறிக்கும். எந்த மாதமானாலும் காலையிலேயே கடந்துவிடுங்கள். சாயங்காலக் கடைசிப் படகைப் பிடிக்கலாம் என்று திட்டம் போடாதீர்கள். அது தவறிவிட்டால் இருட்டில் கரையில் நிற்பீர்கள். ஆடிப்பெருக்கும் மாதேஸ்வரன் மலை அமாவாசைக் கூட்டமும் வருகிற நாட்களையும் தவிர்த்துவிடுங்கள், அன்றைக்கு நான்கு சைக்கிளுக்கு இடம் கேட்பது நியாயமே இல்லை.

இனி மூட்டை. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். பின்சக்கரத்துக்கு இரண்டு பை, ஹேண்டில்பாரில் ஒரு பை, கூடாரச் சுருள் ஒன்று: ஆளுக்கு நான்கு உருப்படி, நான்கு பேருக்குப் பதினாறு. சைக்கிள் நான்கு. ஆக இருபது. ஒவ்வொன்றையும் சாலையிலிருந்து கரைக்கு, கரையிலிருந்து படகுக்கு, படகிலிருந்து அக்கரைக்கு, அக்கரையிலிருந்து சாலைக்கு என்று நான்கு முறை தூக்க வேண்டும். எண்பது தூக்கல்! அதிலும் சின்னச் சின்ன உருப்படிகள்தான் காணாமல் போகும், கரையில் மறந்து வைக்கப்படும், படகுக்காரரின் பொறுமையையும் சோதிக்கும். எல்லாவற்றையும் ஆளுக்கு இரண்டே மூட்டையாகக் கட்டிவிட்டால் எட்டு மூட்டை, நான்கு சைக்கிள், நாற்பத்தெட்டு தூக்கல். ஒரு கைக்கு ஒரு மூட்டை. நான்கு பேரும் ஒரு நடை மூட்டை, ஒரு நடை சைக்கிள் என்று இரண்டே நடையில் முடித்துவிடலாம். அதற்கு மேல் ஒரு சாமான் இருந்தால் அது வீட்டிலேயே இருக்கட்டும் என்பது என் கட்சி.

நனையாமல் கட்ட வெளிநாட்டு டிரை-பேக் வாங்க வேண்டியதில்லை, இருந்தால் சந்தோஷம். நம் ஊரில் 45 கிலோ யூரியா மூட்டை வருகிறதே, அந்தச் சாக்கு போதும். உள்ளே பாலித்தீன் உறை உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள், இல்லாவிட்டால் கனமான பாலித்தீன் பை ஒன்றை உள்ளே விடுங்கள். இரண்டு மூன்று தண்ணீர் விட்டு அலசி வெயிலில் காயவைக்க வேண்டும். உரத்தின் மிச்சம் இரும்பைத் தின்னும், சமையல் சாமானோடு சேரவும் கூடாது. பாத்திரமும் ஸ்டவ்வும் அடியில், துணி மேலே. உள் உறையின் வாயை முறுக்கி, முறுக்கியதை மடக்கி, மடிப்பின்மேல் இறுக்கிக் கட்டுங்கள். கட்டுவதற்குக் கயிறைவிடப் பழைய சைக்கிள் டியூப் நல்லது. நீளவாட்டில் விரல் அகலத்துக்கு வெட்டி வைத்துக்கொண்டால் அது பிடிக்கிற பிடிக்கு நைலான் கயிறு பக்கத்தில் வராது. ஈரத்தில் வழுக்காது, இழுத்துக் கட்டினால் தானே இறுகும். எந்த சைக்கிள் கடையிலும் ஓட்டை விழுந்த டியூப் சும்மாவே கொடுப்பார்கள். தம்பிமார்கள் யாராவது கேரியர் இல்லாத மலைச்சைக்கிளில் வருவதாக இருந்தால், கிளம்பும் முன்பே ஒரு கேரியர் போட்டுவிடுங்கள். முதுகில் பையைச் சுமந்து ஓட்டுவது கடினம் என்பது ஒரு பக்கம் இருக்க, படகில் முதுகுப்பையோடு உட்காருவது ஆபத்து.

போனும் பணமும் ஆதாரும் தனியாக ஒரு சின்ன நீர்புகாப் பையில். அந்தப் பையோடு மூடி இறுகிய காலி ஐந்து லிட்டர் கேன் ஒன்றைக் கட்டிவிடுங்கள். தவறித் தண்ணீரில் விழுந்தாலும் மிதக்கும், கண்ணுக்கும் தெரியும். குடிதண்ணீரைப் படகில் ஏறும் முன் ஆளுக்கு ஒரு லிட்டர் மட்டும் வைத்துக்கொள்ளலாம். ஒரு லிட்டர் ஒரு கிலோ, அக்கரையில் நிரப்பிக்கொள்ளலாம்.

எடையைப் படகுக்காரரிடம் நேர்மையாகச் சொல்லுங்கள். ஆள் 70 கிலோ, சைக்கிள் 15, மூட்டை 20 என்று வைத்தால் ஆளுக்கு 105 கிலோ. நான்கு பேருக்கு 420. அதாவது நீங்கள் நான்கு பேர் ஏறினாலும் படகுக்கு ஆறு பேர் கனம். பழைய ஹெர்குலிஸ், அட்லஸ் மாதிரி கட்டையான சைக்கிள் என்றால் இன்னும் கூடும். இடத்தை அடைப்பதில் ஆறு பேரையும் தாண்டிவிடுவீர்கள். ஆகவே கூலி பேசும்போது ஆளுக்கு எவ்வளவு, வண்டிக்கு எவ்வளவு, மூட்டைக்குத் தனியா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். சில்லறையாக வைத்துக்கொள்ளுங்கள். ஊர்க்காரர்கள் சந்தைக்கும் வேலைக்கும் போகிற படகு அது, அவர்களுடைய இடத்தை அடைத்துக்கொண்டு கூலியிலும் பேரம் பேசுவது அழகில்லை. கூட்டமாக இருந்தால் அடுத்த நடைக்குக் காத்திருங்கள், அவசரம் என்றால் தனிப்படகாகப் பேசுங்கள்.

ஏறும் முன் ஒரே ஒரு கேள்வி: "அண்ணா, காத்து எப்படி இருக்கு, ஒரே நடையா போலாமா?" அவர் "ரெண்டு நடையா போயிரலாம்" என்றால் மறுபேச்சு வேண்டாம். "கொஞ்சம் பொறுங்க" என்றால் உட்கார்ந்து ஒரு பீடித் தூரம் பொறுங்கள். அந்தத் தண்ணீரைத் தினமும் பார்ப்பவர் அவர்.

ஏற்றுகிற முறையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், இதில்தான் செயின் அறுவதும் விரல் நசுங்குவதும் நடக்கும். மூட்டை எல்லாவற்றையும் சைக்கிளிலிருந்து கரையிலேயே இறக்கிவிட வேண்டும். சுமையோடு சைக்கிளைத் தூக்கி ஏற்றுகிற வீரமெல்லாம் வேண்டாம். கனமான மூட்டைகள் முதலில் ஏறும், படகின் நடுவில், அடித்தளத்தில், இரண்டு பக்கமும் சமமாக. பிறகு ஒருவர் படகில் ஏறிக் கால் அகட்டி நிற்க, இன்னொருவர் முழங்கால் தண்ணீரில் நின்று சைக்கிளின் முன்சக்கரத்தை அவரிடம் நீட்ட வேண்டும். அவர் ஹேண்டில்பாரைப் பிடிக்கிறார் என்று பார்த்தபிறகு, கீழே நிற்பவர் சீட்டுக்கு அடியில் தூக்கிப் பின்பக்கத்தை மேலே தள்ள வேண்டும். ஒரு சைக்கிளுக்கு இரண்டு பேர் போதும். மூன்றாவது ஆள் உதவிக்கு வந்தால் அவர் கை கம்பிகளுக்கு நடுவே மாட்டிக்கொள்ளும். படகுக்காரர் படகின் முனையைப் பிடித்துக்கொண்டிருப்பார், அவரைச் சாமான் தூக்கச் சொல்லாதீர்கள்.

அகலமான படகு என்றால் சைக்கிள்களை நிறுத்தியே வைக்கலாம். ஒன்றின் ஹேண்டில்பார் பக்கம் அடுத்ததன் சீட் வரும்படி எதிரெதிராக ஜோடி சேர்த்து, நடுவில் டியூப் துண்டால் இரண்டு இடத்தில் கட்டி, இரண்டு பக்கமும் மூட்டையை அண்டை கொடுங்கள். முன்பிரேக்கை இழுத்து அதன்மேல் ஒரு டியூப் துண்டைச் சுற்றிவிட்டால் சக்கரம் உருளாது. சின்னப் படகு, அல்லது அலை இருக்கிறது என்றால் படுக்க வைத்துவிடுங்கள். கியர் சைக்கிள் என்றால் செயின் இருக்கிற வலப்பக்கம் மேலே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் செயினைக் கியருக்குக் கியர் நகர்த்துகிற டிரெயிலர் (derailleur) வளைந்து அக்கரையில் கியர் மாறாது. ஒன்றின்மேல் ஒன்று அடுக்கும்போது நடுவில் ஒரு சாக்கு. பெடல் இடிக்கிறது என்றால் கழற்றிவிடலாம். பெரும்பாலும் 15 ஸ்பேனர். இடப்பக்கப் பெடலுக்கு மரை எதிர்ப்பக்கம் என்பதை மறந்து முறுக்கி மரையைக் கெடுக்க வேண்டாம், இரண்டு பெடலையுமே சைக்கிளின் பின்பக்கம் நோக்கித் திருப்பினால் கழலும் என்று நினைவில் வையுங்கள். அதாவது ஸ்பேனரைப் பெடலுக்கு மேலே நிற்கும்படி மாட்டி, பின்சக்கரப் பக்கமாகத் தள்ளுவது. டயரில் காற்றை இறக்க வேண்டுமா என்று ஒருவர் கேட்பார், அது விமானத்துக்குச் சொல்லுகிற பேச்சு. இங்கே தேவையில்லை.

சைக்கிளைப் படகோடு கட்டலாம், ஒரு நுனியை இழுத்தால் அவிழ்கிற உருவு சுருக்கில். பூட்டுச் சங்கிலி போட்டுப் படகோடு பூட்டாதீர்கள். எந்தச் சாமானையும் எந்தக் கயிற்றையும் உங்கள் உடம்போடு கட்டிக்கொள்ளாதீர்கள், பை வாரை மணிக்கட்டில் சுற்றுவதும் சேர்த்துத்தான். போனால் சைக்கிள் போகட்டும்.

உயிர்காப்புச் சட்டை ஆளுக்கு ஒன்று, வாரை இறுக்கிப் போட்டு. நாலு சட்டை அங்கே கிடைக்குமா என்று யோசித்துக்கொண்டிருக்காமல் ஓசூரிலேயே வாங்கியோ வாடகைக்கோ எடுத்து வாருங்கள். மடித்து மூட்டைக்கு மேலே கட்டிக்கொள்ளலாம், இரவில் தலையணைக்கும் ஆகும். எல்லாம் ஏற்றி முடித்ததும் விளிம்புக்கும் தண்ணீருக்கும் எவ்வளவு இடைவெளி என்று பாருங்கள். ஒரு முழம் இருந்தால் நிம்மதி. ஒரு சாணுக்குக் குறைந்தால், பக்கத்தில் இருப்பவர்கள் சிரித்தாலும் சரி, பாதிப் பேரும் பாதிச் சாமானும் இறங்கிவிட வேண்டும்.

போகும்போது உட்கார்ந்தே போங்கள். பண்ணவாடியை நெருங்கும்போது இதைக் கடைப்பிடிப்பது கஷ்டம். 1934-இல் அணை நிறைவேறியபோது முழுகிய பழைய ஊர்களின் மிச்சம் அங்கேதான் இருக்கிறது. மட்டம் நன்றாக இறங்கினால் முதலில் பழைய தேவாலயத்தின் இரட்டைக் கோபுரம் தலைகாட்டும், இன்னும் இறங்கினால் ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தி முழுதாக வெளியே உட்கார்ந்திருக்கும். யாருக்குத்தான் போன் எடுக்கத் தோன்றாது? எல்லோரும் ஒரே பக்கம் எழுந்தால் படகு சாயும், கட்டாத சைக்கிள் இருந்தால் அதுவும் அந்தப் பக்கமே சரியும். 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடியில் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். விலங்கைப் பார்க்க ஒரே பக்கம் ஒதுங்கியதும் ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. நந்தி எங்கேயும் ஓடிவிடாது, இறங்கியபிறகு நடந்து போய்ப் பாருங்கள்.

காலுக்கு வார் வைத்த செருப்பு போடுங்கள். சைக்கிளுக்கென்று அடியில் இரும்பு வைத்த ஷூ படகிலும் சேற்றிலும் வழுக்கும். வெறுங்காலோடும் வேண்டாம், கரையில் அறுந்த வலைத் துண்டும் முள்ளும் கிடக்கும். அக்கரையில் சேறு இருந்தால் சைக்கிளை உருட்டாதீர்கள். அந்த வண்டல் டயரில் ஒட்டி மட்கார்டுக்குள் போய் இறுகிவிடும், பத்தடி தாண்டினால் சக்கரம் சுற்றாது. தோளில் தூக்கிக் காய்ந்த தரை வரை கொண்டுபோய்விடுங்கள். அதற்காகவும்தான் மூட்டையை முன்பே கழற்றச் சொன்னேன். காய்ந்த தரையில் ஒருவர் காவலுக்கு நிற்க, மற்ற மூவரும் நடை போடலாம். கடைசியாகப் படகுக்குள் ஒரு முறை எட்டிப் பாருங்கள், கையுறையும் பாட்டிலும் சைக்கிள் பம்ப்பும்தான் வழக்கமாக விட்டுப்போகிற சாமான்.

கரையிலேயே கூடாரம் அடிக்க ஆசை வரும். அணைக்குள் நீர்வரத்து ஏறுகிற காலத்தில் படுகையில் படுப்பது முட்டாள்தனம், 2024 கதையைத்தான் சொன்னேனே. அதற்கு மேலே காடு என்றால் அனுமதியில்லாமல் தங்குவது குற்றம். கொளத்தூர் போய்விடுங்கள். சாப்பாடு, பஞ்சர் கடை, தங்க இடத்துக்கு விசாரிக்க ஆள் எல்லாம் அங்கே கிடைக்கும்.

படகு அன்றைக்கு ஓடவில்லை என்றால் என்ன செய்வது என்பதையும் முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள். தரைவழி இருக்கிறது: தர்மபுரிக்குத் திரும்பி, தொப்பூர், மேச்சேரி, மேட்டூர், கொளத்தூர். நல்ல சுற்று. தொப்பூர்க் கணவாய் இறக்கத்தில் லாரிகள் பிரேக் பிடிக்காமல் வருவது ஊரறிந்த கதை, அந்த இறக்கத்தைச் சுமையோடு சைக்கிளில் இறங்க நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். பென்னாகரத்திலோ தர்மபுரியிலோ ஒரு குட்டியானை (சின்னச் சரக்கு வண்டி) பிடித்து, நான்கு சைக்கிளையும் மூட்டையையும் பின்னால் போட்டு மேச்சேரியிலோ மேட்டூரிலோ இறங்கிக்கொள்ளுங்கள். நால்வர் பங்கிட்டால் கையைக் கடிக்காது. அதற்கான பணத்தைப் பயணச் செலவில் முதலிலேயே ஒதுக்கிவிட்டால், காற்று அடிக்கிற நாளில் "எப்படியாவது ஏத்திவிடுங்கண்ணா" என்று படகுக்காரரை நெருக்க மனசு வராது.

கொளத்தூரிலிருந்து கோவிந்தபாடி வழியாகப் பாலாறு, அதைத் தாண்டினால் கர்நாடகம், மாதேஸ்வரன் மலை ஏற்றம். சோதனைச் சாவடியில் ஆதாரைக் காட்ட வேண்டியிருக்கலாம். ஏற்றமும் யானைக் காடுதான், காலையில் கிளம்பி வெயிலுக்கு முன் ஏறிவிடுவது நல்லது. அதற்கு முதல் நாள் இரவு கொளத்தூரில் செயினைத் துடைத்து எண்ணெய் விடுங்கள். ஈர வண்டல் ஒட்டிய செயினோடு அந்த மலை ஏறினால் பாதியிலேயே கரகரக்கும். பெடலைக் கழற்றியிருந்தால் இறுக்கிவிட்டீர்களா, முன்பிரேக்கில் சுற்றிய டியூப் துண்டை எடுத்தீர்களா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.